பின்கதவில் பெரியநாயகி

வெள்ளிமலை,
19.8.1996

மதிப்புக்குரிய அரங்கநாதன் ஐயா அவர்களுக்கு,

பெரியநாயகி அம்மாவின் நினைவாக எங்கள் தாய்சேய் நலச் சங்கத்துக்கு நீங்கள் கொடுத்த ஜீப் நல்ல நிலையில் இருக்கிறது. அம்மாவின் பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும் என்று என் மனைவி குறித்து வைத்திருக்கிறாள். அதனால் இப்படித் தொடங்கினேன்.

என் பெயர் மைக்கேல்ராஜ். சங்கத்தில் மெக்கானிக். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். ஜெனரேட்டர், தடுப்பூசி ஃபிரிட்ஜ், ஜீப் மூன்றும் என் பொறுப்பு. ஜீப்பை ஓட்டுவதும் நான்தான். இதுவரை உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் உபகாரமேரி என் மனைவி. சனவரி 17 அன்று இறந்துவிட்டாள். உங்கள் ஜீப் மலைக்கு வந்தது பிப்ரவரி 21. உங்கள் அனுதாபக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. மன்னிக்கவும்.

"இன்னாப்பா, ரைஸ்மில்காரருக்கு ஆறு மாசமா ஒரு கடுதாசி போவல. மேரி இருந்தா வுட்டிருக்குமா? நீ எழுது" என்று செயலாளர் ஆதிமூலம் சார் சொன்னார். நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் மேரி ஒரு அட்டை வைத்திருந்தாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி பிஸ்கட் டின்னில் அடுக்கியிருக்கிறாள். உங்கள் அட்டையில் இருப்பது இது: 'மகள் பெயர் முதலில். யாராவது ஒருத்தியைக் கண்ணில் காட்ட வேண்டும். நன்றிக் கடிதத்தில் எதையும் கேட்கக் கூடாது. மகள் எப்படி இறந்தாள் என்று கேட்கக் கூடாது. அவரே சொல்வார்.'

ஜீப் இதுவரை 6,214 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் இரண்டு முறை மாற்றினேன். முன்டயர் இரண்டும் உள்பக்கம் தேய்கின்றன, மலை வளைவுகளில் அப்படித்தான் ஆகும். பின்கதவில் இருக்கும் அம்மாவின் படத்தில் கீறல் இல்லை. ஆறு மாதத்தில் பதினொரு கர்ப்பிணிகள் பயன் பெற்றார்கள்.

நன்றி.

மைக்கேல்ராஜ்


கள்ளக்குறிச்சி,
27.8.1996

தம்பி மைக்கேல்ராஜுக்கு,

உன் கடிதம் வந்தது. மில்லுக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட் போல இருந்தது. என் கணக்குப்பிள்ளை கொளஞ்சியப்பன் சத்தமாகப் படித்துவிட்டு, "மொதலாளி, இதுல யாரு செத்தாங்க, யாரு பொழச்சாங்கன்னே தெரியலிங்களே" என்றார். அட்டையில் இருப்பதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சமையல் குறிப்பை இலையில் வைத்த மாதிரி.

கோபித்துக்கொள்ளாதே. உன் பெண்சாதி எழுதினால் வேறு மாதிரி இருக்கும். ஜீப் வேண்டும் என்று ஒரு கடிதத்திலும் அவள் கேட்டதில்லை. ஒரு முறை, மழையில் நனைந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கிளினிக் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சேலை முந்தானையை உலர்த்தினாள் என்று மட்டும் எழுதியிருந்தாள். அதைப் படித்த மறுநாள்தான் நான் ஜீப்புக்குச் சொன்னேன்.

பெயின்டர் பக்கவாட்டில் வரைகிறேன் என்றான். நான்தான் பின்கதவில் போடச் சொன்னேன். பின்னால் வருகிறவன் எல்லாரும் அவளைப் பார்க்க வேண்டும். கல்யாண போட்டோவில் இருந்த அதே முகம். கண்ணை நன்றாகப் போட்டிருக்கிறான்.

நவம்பர் 8 அவளுடைய நினைவு நாள். நானும் வீட்டிலும் மலைக்கு வருகிறோம். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியைப் பிள்ளையோடு காட்டு. புடவை எடுத்து வைத்திருக்கிறோம். பேச்சு, மாலை, மைக்செட் எதுவும் வேண்டாம். அந்த வண்டியில் போய்ப் பிழைத்து வந்த ஒருத்தியை நாங்கள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அரங்கநாதன்


வெள்ளிமலை,
10.9.1996

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

பெரியநாயகி அம்மாவின் ஜீப் நலம். கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொண்டு வந்தபோது நான் ஜெனரேட்டருக்கு அடியில் படுத்திருந்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து வரத் தோன்றவில்லை. வெகுநேரம் அப்படியே கிடந்தேன்.

நவம்பரில் மலைப்பாதை சரியாக இருக்காது. கோமுகி அணைக்கு மேலே போன வருடம் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. உங்கள் காருக்கு அந்த ஏற்றம் ஒத்துவராது. வீட்டில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். தையில் வரலாம்.

ஒரு ஆளைக் காட்ட வேண்டும் என்று அட்டையில் இருப்பதால் எழுதுகிறேன். கொட்டாம்பாறை என்ற ஊரில் இருசம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாள். ரோட்டிலிருந்து மூன்று மைல் நடக்க வேண்டும். ஏழாவது மாதம். முன்பு ஒரு பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இப்போது கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. வியாழக்கிழமைகளில் வரும் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, "இவளுக்கு ஊட்ல பிரசவம் ஆவக்கூடாது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும். வலி வர வரைக்கும் வெச்சிக்கினு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் தயாராக இருக்கிறது. கிளட்ச் வயர் புதிதாக மாற்றினேன். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன்.

மைக்கேல்ராஜ்


கள்ளக்குறிச்சி,
16.9.1996

மைக்கேல்ராஜுக்கு,

முப்பது வருடமாக நெல் வாங்குகிறேன். மூட்டையைத் தூக்கிப் பார்க்காமலே ஈரம் தெரியும்.

கொளஞ்சியப்பன் போன வாரம் கடுக்காய் லாரியில் ஏறி வெள்ளிமலை வந்தார். நான்தான் அனுப்பினேன். உங்கள் ஜீப்பில் ஐஸ் பெட்டிகளும் இரண்டு அரிசி மூட்டையும் இருந்தனவாம். டீக்கடையில், "இந்த வண்டில புள்ளத்தாச்சிங்க போவாங்களா?" என்று கேட்டிருக்கிறார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "அத்த ஏன் கேக்கற, டீ ஆறுது குடி" என்றாராம்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியின் பெயரை எழுது. ஊரை எழுது. ஒன்றே ஒன்று போதும்.

அரங்கநாதன்


வெள்ளிமலை,
29.9.1996

ஐயா,

ஒரு பெயரும் இல்லை. ஒரு கர்ப்பிணிகூட இந்த ஜீப்பில் ஏறியதில்லை.

பதினொன்று என்பது நாங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் ஏறாமல் திரும்பி வந்த தடவைகள். ஆதிமூலம் சார் அதை 'பயன்பெற்றவர்கள்' என்று எழுதச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். காய்ச்சல்காரர்களும் பாம்பு கடித்தவர் ஒருவரும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். பின்பக்கம் யாரும் ஏறுவதில்லை.

தப்பு என்னுடையது. மேரியின் டின்னில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு அட்டை இருக்கிறது. 'கொடுத்தவர் பெயரை, வாங்குகிறவர் காதில் போட வேண்டும். யார் கொடுத்தது என்று தெரியாமல் எதையும் பயன்படுத்தக் கூடாது.' ஜீப் வந்த புதிதில் கொட்டாம்பாறைக்குப் பிரிகிற இடத்தில் நிறுத்தினேன். முப்பது நாற்பது பேர் கூடினார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. நான் கதவின் பக்கத்தில் நின்று, படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். பெரியநாயகி நினைவாக. தோற்றம் 12.3.1971. மறைவு 8.11.1994.

பெரியம்மாள் என்ற வயதான அம்மா, "இருவத்தி மூணு வயசுல எப்டி செத்துச்சு அது?" என்று கேட்டது.

தெரியாது என்றேன். அட்டையில் கேட்கக் கூடாது என்று இருந்ததால் எனக்குத் தெரியவே தெரியாது.

"புள்ளத்தாச்சிங்களுக்குன்னு அப்பங்காரன் வண்டி குடுத்திருக்கான். அப்ப புள்ளத்தாச்சியாத்தான் செத்திருக்கும். பாதில போனவ. தொணைக்கு ஆளு தேடும்" என்றது அந்த அம்மா. கூட்டம் பின்னால் நகர்ந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் உள்ளே ஸ்ட்ரெச்சர் இருப்பதைக் காட்டுவதற்காகக் கதவைத் திறந்தேன். அது இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. முகம் நடுவில் பிளந்தது. ஒரு கண் இந்தப் பக்கம், ஒரு கண் அந்தப் பக்கம். நடுவில் இருட்டு. உள்ளே போகிறவள் அந்த முகத்துக்குள்தான் போக வேண்டும். நானே அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கதவைச் சாத்தினேன்.

சூலை மாதம் செல்லியம்மாள் என்ற பெண்ணை ரோடு வரை நடத்தியே கொண்டு வந்தார்கள். நல்ல வலி. கதவைத் திறந்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ என்னயே பாக்கறா, வேணாம், வேணாம்" என்றாள். நான் கெஞ்சினேன். கம்பில் போர்வையைக் கட்டி டோலியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் காலி ஜீப்பை முதல் கியரில் அவர்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். பிள்ளை வழியிலேயே செத்தது. செல்லியம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

இருசம்மாளுக்கு எட்டாவது மாதம் தொடங்கிவிட்டது. தலைவலி என்கிறாள். கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்கிறாள். அவள் புருஷன் வேடியப்பன் நேற்று வந்து, "ஏத்தி வுட்டுடலாங்க. கண்ணக் கட்டியாவது ஏத்திடறேன்" என்றான். அவள் காதில் விழுந்ததும் எழுந்து காட்டுக்குள் போய்விட்டாளாம். மாலைவரை தேடியிருக்கிறார்கள்.

மேரி போனதிலிருந்து எனக்கு அழுகை வருவதில்லை. சாப்பாடு ருசி தெரிவதில்லை. பயம் ஒன்றுதான் வருகிறது. உங்கள் கடிதம் வந்தால் பயம். வியாழக்கிழமை நர்ஸ் பிரஷர் மிஷினைச் சுற்றும்போது பயம். ஜீப்பின் பின்பக்கமாக நடப்பதைத் தவிர்த்து முன்பக்கமாகச் சுற்றி வருகிறேன்.

அந்தப் படத்தின் மேல் வெள்ளை பெயின்ட் அடிக்க அனுமதி கேட்கிறேன்.

மைக்கேல்ராஜ்


கள்ளக்குறிச்சி,
5.10.1996

மைக்கேல்ராஜ்,

இதைக் கொளஞ்சியப்பனிடம் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

என் மகள் பேயா? ஆள் பிடிக்கிறாளா? தெருவில் வண்டிமாடு படுத்துவிட்டால் ஓடிப்போய்த் தண்ணீர் வைக்கிற பெண் அவள். அவளைப் பார்த்து மலைக்காரிகள் பயப்படுகிறார்கள் என்று எனக்கே எழுதுகிறாய். இதை வீட்டில் படித்துக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடி உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அந்தப் படத்தின் மேல் ஒரு சொட்டு பெயின்ட் விழுந்தாலும் உன்னையும் ஆதிமூலத்தையும் கோர்ட்டில் நிறுத்துவேன். பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் என்னிடம் இருக்கிறது.

வண்டி இருந்தும் ஏறாதவர்களுக்கு வண்டி எதற்கு? 23ஆம் தேதி என் டிரைவர் பாவாடை வருவான். சாவியைக் கொடுத்து அனுப்பு.

அரங்கநாதன்


வெள்ளிமலை,
18.10.1996

ஐயா,

பெயின்ட் அடிக்கவில்லை. கதவுகளைக் கழற்றிவிட்டேன்.

ஒரு கதவுக்கு இரண்டு கீல், ஒரு கீலுக்கு மூன்று போல்ட், மொத்தம் பன்னிரண்டு. நான்கு துருப்பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்தேன். ஒன்றும் உடையவில்லை. பன்னிரண்டையும் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன். உங்கள் டிரைவர் வந்தால் அரைமணி நேரத்தில் மாட்டித் தருவேன். பின்பக்கத்துக்கு இப்போது தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

கதவுகள் என் வீட்டில் இருக்கின்றன. ஒரே அறை. சுவரில் சாய்த்து இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சேர்த்து வைத்தால் முகம் முழுதாக இருக்கிறது. தூசி படாமல் மேரியின் வெள்ளைப் புடவையால் போர்த்தினேன். முதல் இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்தேன். மூன்றாம் நாள் புடவையை விலக்கிப் பார்த்தேன். சிரிப்பதற்கு முன்னால் வாயை மூடிக்கொள்கிற பெண்ணின் முகம். திறந்த கதவில் அது தெரியவில்லை.

நேற்று கதவில்லாத ஜீப்பைப் பிரிவுக்கு ஓட்டிப்போனேன். வேடியப்பன் அவளைக் கூட்டி வந்தான். இருசம்மாள் கிட்டே வரவில்லை. தூரத்திலேயே ஒரு சுற்று சுற்றினாள். அப்புறம் வந்து, கீல் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"எங்க வூட்ல."

"உங்க வூட்லயா? தனியா இருக்கறீங்க, பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பயமில்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா ஏறமாட்டேன்" என்றாள். உடனே ஏறினாள் என்று நினைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை வருகிறேன், துணி எடுத்து வைக்க வேண்டும், கோழியை யாரிடமாவது விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வருவாளா என்று தெரியாது. பிரஷர் நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. செவ்வாய்க்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

23ஆம் தேதி புதன்கிழமை. அதற்கு முன்னால் ஆளை அனுப்ப வேண்டாம். பிறகு சாவி, கதவு, நான், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

மைக்கேல்ராஜ்


கள்ளக்குறிச்சி,
30.10.1996

தம்பிக்கு,

பாவாடையை நான் அனுப்பவில்லை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கச்சிராயபாளையம் ரோட்டில் வருகிற எதுவும் என் மில்லைத் தாண்டித்தான் போக வேண்டும். "மொதலாளி, மழைல இன்னாத்துக்கு வெளில குந்திக்கினு இருக்கீங்க" என்று கொளஞ்சியப்பன் குடை பிடித்தார். போகச் சொல்லிவிட்டேன்.

மூன்று நாற்பதுக்கு உன் ஜீப் போனது. தார்ப்பாய் படபடவென்று அடித்தது. உள்ளே ஒருத்தி படுத்திருந்தாள், ஒருத்தன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நீ என்னைப் பார்க்கவில்லை. நான் மணியைப் பார்த்தேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியபோது கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன்.

உன் மனைவி அட்டையில் எழுதியிருந்தாளே, அவரே சொல்வார் என்று. அவளிடம் சொல்லவேயில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

தலைப் பிரசவம் என்று பெரியநாயகி வடக்கனந்தலில் எங்கள் ஊர் வீட்டுக்கு வந்திருந்தாள். நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு வலி எடுத்தது, உதிரம் போக ஆரம்பித்தது. கார் வாசலில் நிற்கிறது. டிரைவர் உட்கார்ந்திருக்கிறான். அவள் அம்மா கையைப் பிடித்து வாசல்வரை கூட்டி வந்துவிட்டாள். நான்தான் நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். "ஒண்ணரை மணி நேரந்தானேம்மா, பொறுத்துக்க" என்றேன். "சரிப்பா" என்று சொல்லி வாசல்படியில் உட்கார்ந்தாள். நாலரைக்கு ஏற்றினோம். பாதி வழியில் போய்விட்டாள். பிள்ளையும் போயிற்று.

வண்டி இருந்தும் ஏறாதவர்களுக்கு வண்டி எதற்கு என்று உனக்கு எழுதினேன். எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலைக்காரிகள் பயந்து ஏறவில்லை. நான் பயந்து ஏற்றவில்லை. அவர்களாவது படிக்காதவர்கள்.

இருசம்மாளுக்குப் பெண் பிள்ளை. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவளுக்கு இரண்டு நாள் வலிப்பு வந்துகொண்டிருந்தது, இப்போது கஞ்சி குடிக்கிறாள். நான் தினமும் போய் வார்டு வாசலில் நின்றுவிட்டு வருகிறேன். யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேடியப்பன் என்னை மருந்துக்கடைக்காரன் என்று நினைத்து, "ஏங்க, அந்த ஊசி வந்துடுச்சாங்க?" என்று கேட்டான். வாங்கிக் கொடுத்தேன்.

8ஆம் தேதி நாங்கள் வரவில்லை. புடவையும் வேண்டாம். அவளுக்கு என் முகம் தெரியாமல் இருக்கட்டும். ஆனால் வேறு ஒன்று செய்ய வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் வைப்பார்கள். நடந்து போகிறவன் தலைச்சுமையை அதன் மேல் இறக்கி வைத்தால், அவள் வயிற்றுச் சுமை இறங்கும் என்பார்கள். என் அம்மா அப்போதே சொன்னாள். நான் பெரிய மனுஷனாயிற்றே, கல்லெல்லாம் வேண்டாம், வண்டி கொடுக்கிறேன், பெயர் போடுகிறேன் என்றேன். கொட்டாம்பாறைக்குப் போகிற பாதையில் எங்கே வைக்கலாம் என்று பார்த்து எழுது. கல்லில் பெயர் வேண்டாம், தேதி வேண்டாம், முகம் வேண்டாம்.

ஒன்றும் எழுதாத புதுக் கதவு இரண்டு லாரியில் வரும். பழைய கதவைச் சேர்த்துக் கட்டி அனுப்பு. வீட்டில் கேட்கிறார்கள்.

அரங்கநாதன்


வெள்ளிமலை,
5.11.1996

ஐயா,

பெரியநாயகி அம்மா இன்று லாரியில் கிளம்பிவிட்டார்கள். கதவுகளுக்கு நடுவில் வைக்கோல் வைத்து, மேரியின் புடவையாலேயே சுற்றி, கயிறு போட்டேன். அறை காலியாக இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லாமல் பயமாக இருக்கிறது.

கல் வைக்க இடம் பார்த்தேன். ரோட்டிலிருந்து ஒன்றரை மைலில், புளியமரத்தைத் தாண்டி, ஏற்றம் முடிகிற இடம். அந்த இடம் எனக்கு முன்பே தெரியும். அதைப் பற்றி எழுத வேண்டும்.

மேரி வயிற்றுவலியால் இறந்தாள் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. அவள் இரண்டரை மாதம். கரு குழாயில் தங்கி வெடித்துவிட்டது. கொட்டாம்பாறைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் விழுந்தாள். நானும் போயிருந்தேன், ஐஸ் பெட்டி தூக்க. போர்வையை மூங்கில் கம்பில் கட்டி, நான்கு பேர் தூக்கினோம். ஒருவன் நான். அந்த இடத்தில், புளியமரம் வருவதற்கு முன்னால், தோள் மாற்ற வேண்டியிருந்தது. தையில் இல்லாத மழை பெய்து, தரையெல்லாம் சேறு, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கி வைக்க இடமில்லை. கம்பு தோளில் வழுக்கியது. "கீழ வெச்சிடாதீங்க, குளிருது" என்றாள். நாங்கள் தூக்கியபடியே நின்றோம். அப்புறம் அவள் எதுவும் பேசவில்லை.

கர்ப்பம் என்பதை மறைத்தேன். பாதியில் போனவள் என்று மேரியைப் பார்த்தும் இந்தப் பெண்கள் பயப்படுவார்களோ என்ற பயம். ஆறு வருடம் அவர்கள் வீட்டில் எல்லாம் கஞ்சி குடித்தவள் அவள். நீங்கள் அக்டோபரில் கோபமாக எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. உங்களைப் போல நான் சத்தம் போடவில்லை, மறைத்தேன், அவ்வளவுதான்.

நன்றிக் கடிதத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று அட்டையில் இருக்கிறது. கேட்கிறேன். டோலிக் கம்பு ஒன்பதடி. ஒரு சுமைதாங்கியில் அதன் ஒரு முனைதான் நிற்கும். மறுமுனையை ஆள்தான் பிடிக்க வேண்டும். எட்டடி தள்ளி இன்னொரு கல் இருந்தால் இரண்டு முனையும் உட்காரும். உள்ளே இருக்கிறவள் தரையில் படமாட்டாள். தூக்குகிறவர்கள் தோள் மாற்றலாம். கம்பு தோள் உயரத்தில் இருப்பதால் கல்லும் நாலரை அடி வேண்டும். படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

எங்கள் பங்குச் சாமியார் இதற்கு என்ன சொல்வாரோ தெரியாது. கேட்கவில்லை. இரண்டாவது கல்லிலும் பெயர் வேண்டாம்.

மாவடிப்பட்டில் அடுத்த மாதம் ஒரு பெண்ணுக்கு நாள். அவள் ஜீப்பில் ஏறுவாளா என்று இன்னும் தெரியவில்லை. இருசம்மாள் திரும்பி வந்து ஏதாவது சொன்னால் ஏறலாம்.

மைக்கேல்ராஜ்


கள்ளக்குறிச்சி,
11.11.1996

தம்பிக்கு,

கதவு வந்து சேர்ந்தது. வீட்டில் அந்த வெள்ளைப் புடவையைத் துவைத்து, மடித்து வைத்திருக்கிறார்கள். நீ வரும்போது தருவார்கள்.

கல்தச்சர் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "சொமதாங்கி எப்பவும் ஒண்ணுதாங்க வெப்பாங்க. ஜோடியா கேக்கறீங்களே, யாருக்குங்க?" என்றார்.

"எங்க வூட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கு" என்று சொன்னேன். இரண்டையும் நாளைக்கு லாரியில் ஏற்றுகிறோம்.

அரங்கநாதன்